கள்ளாட்டத்தின் தண்டத்தை யார் கட்டுவது?

நமுனுகுல மலையடிவாரத்தில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு உதைபந்தாட்டப் போட்டி வைப்பது அதிர்ஷ்டத்தை நம்பிச் செய்யும் காரியம். 2,036 மீற்றர் உயரமான மலையிலிருந்து பனிமூட்டம் எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இறங்கிவிட்டால் கோல் கம்பம் மறைந்துவிடும். மைதானம் என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் தோட்டம் விட்டுக்கொடுத்த ஒரு துண்டுச் சமதரைதான். ஒரு பக்கம் பந்து போனால் தேயிலைக்குள் தேட வேண்டும். மறுபக்கம் போனால் ஓடைக்கு இறங்க வேண்டும்.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின் அப்படியொரு மைதானத்தில் 17 வயதுக்குட்பட்ட பாடசாலை அணிகளின் ஆட்டமொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வென்ற அணியின் முன்கள வீரன் இரண்டு கோல் போட்டான். அவனுக்கு வயது 19 என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தம்பியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில், தம்பியின் பெயரில் ஆடினான். பாடசாலைக்குத் தெரியாமல் இது நடந்திருக்க வழியில்லை. வீரர் படிவத்தில் புகைப்படத்தை ஒட்டிக் கையொப்பமிட்டு அனுப்புவது பாடசாலைதானே. கிண்ணம் வந்தது, பட்டாசு கொளுத்தினார்கள், மேளம் அடித்தார்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஆண்டு தம்பி அணிக்கு வந்தான். அவனுடைய சொந்தப் பெயர், சொந்தப் பத்திரம், உரிய வயது. முந்தைய ஆண்டின் படிவத்தை எதிரணியின் பொறுப்பாசிரியர் ஒருவர் தோண்டி எடுத்தார். அதே பெயர், அதே பிறந்த திகதி, படத்தில் வேறு முகம். ஆள்மாறாட்டம் என்று முறைப்பாடு போனது. “சேர், இது நான்தான் சேர்” என்று அந்தப் பொடியன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது உண்மை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமானால் கடந்த ஆண்டு வந்து ஆடியவன் யார் என்று பாடசாலை வாய் திறக்க வேண்டும். திறந்தால் கிண்ணம் போகும். பாடசாலை வாய் திறக்கவில்லை. பெயருக்கு உரியவன் கள்ளனாகி மைதானத்தை விட்டு வெளியே போனான்.

இன்னொன்றும் நடந்தது. பிறகொரு நாள் கொழும்பில் வேலை தேடிய அண்ணனுக்கு விளையாட்டுச் சான்றிதழ் தேவைப்பட்டது. சான்றிதழ் இருந்தது, தம்பியின் பெயரில். ஆடியவனுக்கும் உதவவில்லை, பெயர் கொடுத்தவனுக்கும் உதவவில்லை. அந்த வெற்றியால் ஏதேனும் கிடைத்தது என்றால் அது அதிபர் அறைக் கண்ணாடி அலுமாரிக்குத்தான்.

விளையாட்டில் ஏமாற்றுவதை யாழ்ப்பாணத்தில் அளாப்பு என்பார்கள், எங்கள் பக்கம் கள்ளாட்டம். சிறு பிள்ளைகள் கிட்டிப்புள் அடிக்கும்போதே இந்தச் சொல் வந்துவிடும். கள்ளாட்டம் ஆடி வெல்வது எப்போதாவது பெறுமதியானதா என்ற கேள்வியும் புதிதல்ல. ஒழுக்கப் பாடமாகப் பதில் சொல்வது இலகு. கணக்காகப் பார்த்தால் பதில் அவ்வளவு இலகு அல்ல. ஏனென்றால் கள்ளாட்டம் பல இடங்களில் உண்மையிலேயே இலாபம் தந்திருக்கிறது.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே ‘ஃபுட்போல்’ என்றால் நமது உதைபந்தாட்டம் அல்ல. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி, விழுத்தும் ஆட்டம். பல்கலைக்கழக அணிகளின் ஆட்டங்களுக்கு ஒரு இலட்சம் பேர் கூடும் அரங்குகள் இருக்கின்றன, தொலைக்காட்சிப் பணம் கொட்டுகிறது. மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை வீரர்களுக்குக் கைச்சைகையால் சொல்வார்கள். ஆட்டத்தின்போது எதிரணியின் சைகையைக் கண்ணால் பார்த்து ஊகிப்பது குற்றமல்ல. ஆனால் பின்னர் மோதவிருக்கும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி வேவு பார்ப்பது 1994 முதல் தடை. மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் ஊழியர் ஒருவர் அதைத்தான் செய்தார். நுழைவுச்சீட்டுகளை வாங்கி, ஆட்களை அனுப்பி, சைகைகளைக் கைபேசியில் பதிவு செய்யவைத்தார். 2023 ஒக்டோபரில் விடயம் வெளியானது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்போ மூன்று ஆட்டங்களுக்கு இடைநிறுத்தப்பட்டார். அவர் இல்லாமலே அந்த மூன்றையும் அணி வென்றது. 2024 ஜனவரி 8 இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34–13 என்று வீழ்த்தித் தேசிய சம்பியன் ஆனது. ஹார்போ தொழில்முறை அணியொன்றுக்குப் பெரிய பதவியில் போய்விட்டார்.

கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் சங்கம் தீர்ப்பு வழங்கியபோது 2025 ஆகஸ்ட் ஆகிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு 2 கோடி டொலரைத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்ட தண்டப்பணம், ஊழியருக்கு 8 ஆண்டுகளும் ஹார்போவுக்கு 10 ஆண்டுகளும் கல்லூரி அணிகளில் பணியாற்றக் கட்டுப்பாடு. சம்பியன் பட்டம் பறிக்கப்படவில்லை. கல்லூரி அணிக்குத் திரும்பும் எண்ணமில்லாத ஒருவருக்கு 10 ஆண்டுக் கட்டுப்பாடு என்ன செய்துவிடும்? 2 கோடி டொலர் நமக்கு மலைப்பாக இருக்கலாம், அவர்களுக்கு அது வியாபாரச் செலவு. கணக்குப் பார்த்தால் மிச்சிகனுக்கு இலாபம்தான் என்று சொல்லும் இரசிகர்களை மறுப்பது கடினம்.

அதே நாட்டில் மறுபக்கமும் உண்டு. வீரர்களுக்குக் களவாகப் பணம் கொடுத்ததற்காக 1987 இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் முழுப் பருவமும் இரத்துச் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டும் அந்த அணி ஆடவில்லை. பருவ இறுதிக் கிண்ணப் போட்டியொன்றுக்கு அது மறுபடி தகுதி பெற்றது 2009 இல்தான். பணம் வாங்காத மாணவர்களும் வேறு பல்கலைக்கழகம் தேடிப் போக வேண்டியிருந்தது. இத்தனை கடுமையான தண்டனையை அதன் பிறகு எந்தப் பெரிய கல்லூரி ஃபுட்போல் அணிக்கும் அந்தச் சங்கம் விதிக்கவில்லை. பட்டத்தை விட்டு, பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் தீர்ப்பு எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

ஆக, கள்ளாட்டம் இலாபமா என்பது மாட்டிக்கொள்வதையோ தப்புவதையோ மட்டும் பொறுத்ததல்ல. மாட்டிக்கொண்ட பிறகு தண்டத்தை யார் கட்டுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. வென்றவரே கட்டினால் ஒரு கணக்கு. வென்றவர் போய்விட, பின்னால் நிற்பவர் கட்டினால் வேறொரு கணக்கு. நமுனுகுலயில் கட்டியது தம்பி.

இந்த இடத்தில் மலேசியாவின் கதை நமக்கு மிக அருகில் வருகிறது. தூரத்தால் அல்ல, தாத்தாக்களால்.

2025 ஜூன் 10 இல் கோலாலம்பூரின் புக்கிட் ஜலில் அரங்கில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டமொன்றில் மலேசியா வியட்நாமை 4–0 என வென்றது. புதிதாகச் சேர்க்கப்பட்ட வெளிநாட்டில் பிறந்த வீரர்கள் அந்த அணியில் இருந்தனர். தாத்தா அல்லது பாட்டி மலேசியாவில் பிறந்தவர் என்ற தகுதியில் அவர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். செப்டெம்பரில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபா, அவர்களில் ஏழு பேரின் பத்திரங்கள் போலி என்று தீர்மானித்தது. அந்தந்த நாடுகளில் மூலப் பதிவுகளைத் தேடிப் பார்த்தபோது தாத்தா பாட்டிகள் ஆர்ஜென்டீனா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பிறந்திருந்தார்கள். சமர்ப்பிக்கப்பட்ட பத்திரங்களில் அவர்கள் மலேசிய ஊர்களில் பிறந்திருந்தார்கள். மலேசிய உதைபந்தாட்டச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் தண்டம், வீரர்கள் ஒவ்வொருவருக்கும் 12 மாதத் தடை. மேன்முறையீடு நவம்பரில் ஃபிஃபாவிலேயே நிராகரிக்கப்பட்டது. ஊழியர் ஒருவரின் நிர்வாகத் தவறு என்று சங்கம் சொல்லிப் பார்த்தது. தாத்தாவை ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு மாற்றிய எழுத்துப்பிழை!

அந்த ஏழு பேருக்கும் மலேசியக் குடியுரிமை விரைவாகவே கிடைத்திருந்தது. அதே நாட்டில் இறப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர் பலர் பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையுடனோ அட்டையே இல்லாமலோ பல தசாப்தங்கள் அலைந்தார்கள். 2011 இல் ‘மைடஃப்தார்’ என்ற பெயரில் அரசாங்கமே இந்திய வம்சாவளியினருக்குப் பதிவு இயக்கம் நடத்த வேண்டி வந்தது. தாத்தா அந்த மண்ணில் பால் வெட்டியதற்கு ஊரே சாட்சி, ஆனால் கடதாசி இல்லை. பந்தடிக்க வந்தவர்களின் தாத்தா அந்த மண்ணை மிதித்ததே இல்லை, கடதாசி இருந்தது. மலேசியாவில் இந்த முரண் அப்போதே பேசப்பட்டது. நமுனுகுலயில் இருந்து படிப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

விளக்க வேண்டியது இளையவர்களுக்கு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டதும் தாத்தாவின் பிறப்புப் பத்திரம்தான். இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன்வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு கட்டாயமானதே 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்கு முன் லயத்தில் பிறந்தவருக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாததல்ல.

அதற்கு முந்தைய ஆண்டில் என்ன நடந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதை ஓர் ஆட்டமாகப் புரிந்துகொள்ள முடியும். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா, நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமான், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளை என்று மலையகத்தின் பிரதிநிதிகள் பாராளுமன்றம் போனார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. ஆட்சியில் இருந்தவர்கள் அடுத்த ஆட்டத்தில் அதைவிட நன்றாக ஆடப் பயிற்சி எடுக்கவில்லை. எதிரணியின் ஆட்டக்காரர்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். 1952 தேர்தலில் மலையகத் தமிழரின் பிரதிநிதி ஒருவர்கூடப் பாராளுமன்றத்தில் இல்லை. ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. இந்த நாட்டில் ஆடப்பட்ட கள்ளாட்டங்களில் இதைவிடச் சுத்தமாக இலாபம் தந்த ஒன்றை நான் அறியேன். அதை ஆடியவர்கள் தண்டம் எதுவும் கட்டவில்லை.

கட்டியவர்கள் வேறு. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மிச்சமிருந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு போட்டது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்க்கலாம். கணக்கு முழுதாக முடிய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை 55 ஆண்டுகள் எடுத்தன. இத்தனை காலமும் கள்ளத்தோணி என்ற பட்டம் யாருக்கு? கள்ளாட்டம் ஆடியவர்களுக்கு அல்ல.

அந்த நாட்களில் பொய்யாகப் பிறந்த இடத்தை எழுதிக் கொடுத்து, குடும்பம் பிரியாமல் காப்பாற்றிய மனிதர்கள் மலையகமெங்கும் இருந்திருப்பார்கள். அவர்களையும் கோலாலம்பூர்க்காரர்களையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. அவர்கள் யாரையும் தோற்கடிக்கவில்லை, யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. தங்கள் சொந்த இடத்தைத் தக்கவைக்கப் பொய் சொன்னார்கள். கள்ளாட்டம் என்ற சொல் இன்னொருவன் தோற்கும்போதுதான் பொருந்துகிறது.

பத்திரங்களோடு நமக்குள்ள உறவு இப்படிப்பட்டது என்பதால்தான் மைதானத்தில் நடக்கும் வயது மோசடியை என்னால் வெறும் விளையாட்டுச் சேட்டையாகப் பார்க்க முடியவில்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஒரு விதம், தகப்பனின் அடையாள அட்டையில் இன்னொரு விதம். மொழி தெரியாத எழுதுநர் காதில் விழுந்தபடி எழுதியது. பிறந்த திகதி என்பது பல வேளைகளில் தோட்டத்து அலுவலகம் அறிவித்த திகதி. வன்னியில் வேறு கதை. 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள், நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று பிரதிகள் எடுத்தார்கள். பதிவேடே கிடைக்காத இடத்தில் உத்தேச வயதுச் சான்றிதழோடு காலம் தள்ளினார்கள். 1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களுக்கு இந்த இரண்டு கதையும் ஒரே வீட்டில்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் மைதானத்தில் இறங்கும்போது எதிரணி சந்தேகிக்கத் தேடுவது ஒரேயொரு காரணத்தைத்தான். நம்மில் ஒருவர் தம்பியின் பத்திரத்தில் ஆடினால் அந்தக் காரணத்தை நாமே கையில் கொடுத்ததாகிவிடும். பிறகு உண்மையான உத்தேச வயதுச் சான்றிதழும் பொய்யாகவே பார்க்கப்படும். பெரிய போட்டிகளில் இதற்கு வேறு வழி உண்டு. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் 2009 முதல் மணிக்கட்டு எலும்பை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள். பசறையில் எம்.ஆர்.ஐ. பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். நமக்குக் கடதாசிதான் எல்லாமும். அதனால்தான் கடதாசியைக் கெடுப்பது இங்கே விலை கூடிய காரியம்.

விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். நான் கேட்டிருக்கிறேன். “எங்களுக்கு மைதானம் இல்லை, பயிற்றுநர் இல்லை, பூட்ஸ் இல்லை. நகரத்துப் பெரிய பாடசாலை நல்ல ஆட்டக்காரனைப் பார்த்தால் விடுதியும் சாப்பாடும் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகிறது. அது சட்டப்படி சரி. நாங்கள் இரண்டு வயதைக் குறைத்தால் பிழையா?” சாதாரண கேள்வி இல்லை. பணம் உள்ளவனின் கள்ளாட்டத்துக்கு விதிப்புத்தகத்தில் இடம் இருக்கிறது, இல்லாதவனின் கள்ளாட்டத்துக்கு இல்லை என்பது உண்மை.

ஆனால் வலய மட்டத்தில் நாம் வயதைக் குறைத்து யாரைத் தோற்கடிக்கிறோம்? கொழும்பின் பெரிய கல்லூரியை அல்ல. பக்கத்துத் தோட்டப் பாடசாலையை. அவர்களுக்கும் மைதானம் இல்லை, அவர்களுக்கும் பூட்ஸ் இல்லை. மாகாண மட்டத்துக்குப் போனதும் பெரிய பாடசாலை நம் 19 வயதுப் பொடியனையும் தோற்கடித்துவிடும், ஏனென்றால் அவர்களிடம் பதினொரு பேருக்கும் பயிற்சி இருக்கிறது. ஏழையின் கள்ளாட்டம் எப்போதும் இன்னொரு ஏழையிடம்தான் வெல்கிறது.

இதுவரை விளையாட்டு. இனி, இந்தக் கட்டுரையைப் படிக்கும் சிலருக்குக் கசக்கக்கூடிய பகுதிக்கு வருகிறேன்.

பல்கலைக்கழக அனுமதியும் ஒரு போட்டிதான். கலைத்துறை போன்ற சிலவற்றைத் தவிர்த்து, மருத்துவம், பொறியியல் முதலான துறைகளின் இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப 25 மாவட்டங்களுக்குப் பிரிகிறது. 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகிறது. பதுளையும் அந்தப் பதினாறில் ஒன்று. அதனால் பதுளையில் வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவு. அந்தக் குறைந்த வெட்டுப்புள்ளிக்காக வெளிமாவட்டப் பிள்ளைகள் பதுளையிலும் நுவரெலியாவிலும் வந்து பதிந்து உயர்தரம் எழுதுகிறார்கள் என்பது ஆண்டுக்காண்டு எழும் முறைப்பாடு. படிப்பது ஓரிடத்தில், பெயர் இருப்பது இன்னோரிடத்தில். கொழும்பிலிருந்தும் வருகிறார்கள், வடக்கிலிருந்தும் வருகிறார்கள். பிடிபட்டால் நீக்குவதற்கு விதி இருக்கிறது. பிடிபடாதவர்கள் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை மிச்சிகன் கணக்குத்தான், வாழ்நாள் இலாபம்.

மாவட்டக் கோட்டாவில் இடங்களின் எண்ணிக்கை நிலையானது. வெளியிலிருந்து வந்த ஒருவர் ஏறினால் பதுளைப் பிள்ளை ஒருவர் இறங்க வேண்டும். பட்டியலின் விளிம்பில் நிற்பது யார்? தமிழ் மொழி மூலம் உயர்தர விஞ்ஞானமோ கணிதமோ படிக்கக்கூடிய பாடசாலைகள் இந்த மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கு போய்ச் சேர, விடியற்காலையில் லயத்திலிருந்து புறப்பட்டுப் பேருந்துக்கு நடக்கும் பிள்ளைதான் பல வேளைகளில் அந்த விளிம்பில் நிற்கிறது.

வடக்குத் தமிழரிடம் இதைச் சொல்லும்போது 1971 ஐ நினைவூட்டாமல் முடியாது. தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் மாணவருக்குப் புள்ளிகளை அள்ளி வழங்குகிறார்கள் என்று அப்போது ஒரு குற்றச்சாட்டுக் கிளப்பப்பட்டது. அது நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்படாமலே தண்டனை மட்டும் வந்தது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 227 புள்ளி போதும், தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 வேண்டும். செய்யாத கள்ளாட்டத்துக்கு ஒரு முழுச் சமூகமும் தண்டம் கட்டியது, அதன் விளைவு எங்கே போய் முடிந்தது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாவட்ட ஒதுக்கீடு அதன் பின்னர் வந்தது. அதை வெறுக்கக் காரணங்கள் வடக்குக்கு உண்டு. ஆனால் அதே ஒதுக்கீடுதான் மலையகப் பிள்ளைக்கு முதல் தடவையாக ஒரு சிறிய கதவைத் திறந்தது. கொழும்பு செய்த அநீதிக்குப் பதில் நமுனுகுலயில் எடுக்கப்படும்போது, அதற்குப் பெயர் பதிலடி அல்ல.

“எங்கட பிள்ளை கஷ்டப்பட்டுப் படிச்சவன், சட்டத்தில ஓட்டை இருந்தா போறதில என்ன பிழை?” என்று கேட்ட பெற்றோரை நான் சந்தித்திருக்கிறேன். யுத்தத்தில் வீடு, காணி, ஒரு பிள்ளை எல்லாம் இழந்தவர்கள் அவர்கள். மிச்சமிருந்த ஒரே பிள்ளையைக் கரை சேர்க்க வேண்டும் என்ற அவர்களுடைய தவிப்பை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். அவர்களுடைய வேதனையும் உண்மை, அந்த இடம் இன்னொரு பிள்ளையுடையது என்பதும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழிக்காது.

இந்தக் கள்ளாட்டம் இன்னொரு தண்டத்தையும் விட்டுவிட்டுப் போகிறது. வெளிமாவட்டப் பதிவுகள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் சோதனை இறுகுகிறது. கிராம உத்தியோகத்தரின் கடிதம் கொண்டு வா, வாக்காளர் பட்டியலில் பெயர் காட்டு, வதிவிடத்துக்கு அத்தாட்சி காட்டு. வெளியிலிருந்து வந்தவரிடம் வாடகை ஒப்பந்தம் இருக்கும், தண்ணீர்ப் பட்டியல் இருக்கும், எல்லாம் சட்டத்தரணி சரிபார்த்து வைத்திருப்பார். நூற்றைம்பது ஆண்டுகளாக அதே மலையில் இருக்கும் குடும்பத்திடம் என்ன இருக்கும்? லயக் காம்பரா கம்பனிக்குச் சொந்தம். வீட்டு இலக்கம் இல்லை, தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் கொடுத்து அனுப்பினால்தான் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கடிதம் தாமதமாகிக் கைக்கு வந்த கதைகளைத் தோட்டங்களில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். சொந்த ஊர்க்காரன் தான் சொந்த ஊர்க்காரன்தான் என்று நிரூபிக்க முடியாமல் தடுமாறுவான், வந்தவர் கோப்பை நீட்டிவிட்டுப் போய்விடுவார். மைதானத்தில் “சேர், இது நான்தான் சேர்” என்று நின்ற அந்தத் தம்பியின் நிலைதான் இங்கும்.

ஆகவே சோதனையை இன்னும் இறுக்குங்கள் என்று மட்டும் கேட்பது நமக்கு நாமே குழி தோண்டுவது. 1948 இலும் சோதனைதான் இறுக்கப்பட்டது. பரீட்சை முடிந்து அனுமதி நேரத்தில் கடதாசி கேட்பதைவிட, 12 ஆம் தரத்தில் சேரும்போதே அந்தப் பிள்ளை சாதாரண தரம் எங்கு எழுதியது, அதற்கு முன் எங்கு படித்தது என்று பாடசாலை வரவுப் பதிவேட்டைப் பார்ப்பது மேல். தோட்டப் பிள்ளையிடம் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் பாடசாலைப் பதிவேட்டில் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தை ஒரு வாரத்தில் எழுதிவிடலாம், பத்து ஆண்டு வரவை எழுத முடியாது. அப்படி எழுத ஒரு பாடசாலை துணை போனால், அங்கே தண்டத்தைக் கட்ட வேண்டியது கையொப்பமிட்டவர். பெயருக்கு உரிய பிள்ளை அல்ல.

அடுத்தது முகவரி. இந்தக் கோரிக்கை எழுப்பப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. நமுனுகுலயின் தோட்டங்களில் உள்ள ஒவ்வொரு லயத்துக் கதவுக்கும் ஓர் இலக்கமும், அந்தக் கதவுவரை கடிதம் கொண்டு வரும் ஒரு தபாற்காரரும் வர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பிரதேச செயலகமும் தபால் திணைக்களமும் தோட்டக் கம்பனியும் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். அடுத்த உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரும் முன் பசறையில் இருந்தாவது அதைத் தொடங்கலாம்.